ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லா?

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு மருமகளுக்கு இது தலைப்பிரசவம். பெண்ணுக்குப் பிறந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பட்டாசு ஆலையில் சரம் பின்னியவள். விருதுநகருக்கு வாழ வந்த பிறகும் வேலையை விடவில்லை. விடிவதற்குள் ஆலை வேன் வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாக ஓடுவாள். சாயங்காலம் திரும்பும்போது விரல் நகமெல்லாம் வெள்ளிப்பொடி மினுங்கும். ஐந்தாம் மாதத்தோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வேலை நின்ற பிறகு மாலை நேரத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவாள். என்னை ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிடுவாள். நல்ல வாயாடி. அப்படிப்பட்டவள் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டாள். பேசினாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். நான் அவள் மாமியாரைப் பிடித்துக் கேட்டேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

“வாயில என்னமோ கட்டி மாதிரி வந்திருக்கு மதினி. தொட்டா ரத்தமா கொட்டுது. மருந்து வேலை பாத்த புள்ள. என்ன எழவோன்னு பயமா இருக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீக.”

போய்ப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஈறிலிருந்து சுண்டைக்காய் அளவில் ஒரு சதை, கோவைப்பழச் சிவப்பில் தொங்கியது. மற்ற இடத்து ஈறும் வீங்கித்தான் இருந்தது. இரண்டு வாரமாகக் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லையாம். ஏழாம் மாதம். எடை ஏற வேண்டிய நேரத்தில் அந்தப் பெண்ணின் கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு தனியார் பல் மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மாசமா இருக்காங்க, இப்ப எதுவும் பண்ண முடியாது, பிரசவம் முடிஞ்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார். அது என்ன கட்டி என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. வீட்டில் அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டார்கள். சொந்தத்தில் யாரோ ஒருத்தி ‘புத்து’ என்ற வார்த்தையையும் உச்சரித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் தூங்கவில்லை.

மறுநாள் நான்தான் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு வாங்கி வரிசையில் ஒன்றரை மணி நேரம். உள்ளே என் பேத்தி வயதில் ஒரு டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு நிமிஷம் பார்த்தார். “எத்தனாவது மாசம்?” என்று கேட்டார். பிறகு சிரித்தார். “இதுக்குப் பேரு கர்ப்பக் கட்டி. ட்யூமர்னு ஒரு பேரையும் வச்சுத் தொலைச்சிருக்காங்க. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, இது புற்றுநோயே கிடையாது. பிள்ளை பிறந்ததும் தானா சுருங்கும். சுருங்கலைன்னா எடுத்துரலாம், பத்து நிமிஷ வேலை.” அன்றைக்கே பற்களைச் சுற்றியிருந்த காரையைச் சுத்தம் செய்தார். எப்படித் துலக்க வேண்டும் என்று ஒரு பொம்மைப் பல்வரிசையை வைத்துக் காட்டினார்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதாள். அப்புறம் வாசல் கடையில் இட்லி தின்றாள். நான்கு வைத்தார்கள், இன்னும் இரண்டு கேட்டாள். பாதி வீட்டுக் கவலை அந்த ஆறு இட்லியில் தீர்ந்தது.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஒரு வரி விளக்கம் இரண்டு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. அந்தப் பல் மருத்துவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. கர்ப்பிணிக்கு வாய் என்று ஒன்று இருப்பதையே நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நானும் அப்படி இருந்தவள்தான்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நான் காரைக்கால்காரி என்பது தெரியும். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது பிரெஞ்சுக் கொடி இறங்கியாகிவிட்டது, பாடம் மட்டும் பிரெஞ்சிலேயே நடந்தது. வாரத்துக்கு ஒருநாள் உடல்நல வகுப்பு. நகம், தலை, பல் மூன்றையும் கன்னியாஸ்திரீ அம்மா வரிசையாக வந்து பார்ப்பார். பல்லைத் துலக்காதவர்களிடம் ஒரு பிரெஞ்சுப் பழமொழியைச் சொல்லி மிரட்டுவார்: ‘அன் ஆன்ஃபான், யூன் தான்.’ ஒரு பிள்ளை, ஒரு பல். நீங்கள் பெரியவர்களாகிப் பிள்ளை பெற்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல் போகும், இப்போதே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார். பிள்ளையே பெறாத அந்த அம்மாவுக்கு முன்வரிசையில் இரண்டு பல் இல்லை என்பதை நாங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பேசிச் சிரிப்போம்.

கல்யாணமாகி 1971-ல் விருதுநகர் வந்தேன். இங்கே பேச்சு வேறு, சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு. ஆனால் மாமியார் சொன்ன சேதி மட்டும் அதே சேதி. 1974-ல் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது பல் துலக்கினால் ரத்தம் வந்தது. வாஷ்பேசின் எல்லாம் ஏது, கிணற்றடிக் கல்லில் துப்பினால் சிவப்பாக இருக்கும். அத்தையிடம் சொன்னேன். “பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் தாயி. பிள்ளை எலும்புக்குச் சுண்ணாம்பு உன் பல்லுல இருந்துதான போகணும்? ரத்தம் வந்தா பல்லை அழுத்தித் தேய்க்காத, விரலால கோபால் பல்பொடியத் தொட்டு லேசா இழுத்துக்க” என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததைப் பாசமாகத்தான் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பிள்ளை பெற்ற பிறகு பச்சை உடம்பு என்று ஒரு மாதம் வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை. 1977-ல் இரண்டாவது பையன். மறுபடியும் அதே கதை. அவனுக்கு மூன்று வயதாகும்போது என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பிடுங்கினேன். அடுத்த ஆண்டு பக்கத்துப் பல்லும் போனது. இரண்டு பிள்ளை, இரண்டு பல். கணக்கு சரியாக இருக்கிறதே என்று கன்னியாஸ்திரீ அம்மாவையும் அத்தையையும் ஒன்றாக நினைத்துக்கொண்டேன். அரசாங்க குமாஸ்தாவுக்குக் கணக்கு சரியாக இருந்தால் போதும், அதற்குமேல் கேள்வி எழுவதில்லை.

இந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு விளங்கியது எழுபது வயசுக்கு மேல்தான். டாக்டரம்மா கொஞ்சம் சொன்னார். மீதியைத் தேடிப் படித்தேன். பிரெஞ்சு தெரிந்ததால் அந்த ஊர்த் தாள்களையும் படிக்க முடிந்தது. புரிந்ததை என் பாஷையில் எழுதுகிறேன், டாக்டர்கள் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் தரித்ததும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு சுரப்புகளும் பல மடங்கு ஏறுகின்றன. கருவைக் காப்பாற்ற அவை வேண்டும். ஆனால் அவை கர்ப்பப்பையில் மட்டும் நிற்பதில்லை, ரத்தத்தோடு உடம்பெங்கும் போகின்றன. ஈறுக்கும் போகின்றன. ஈறில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அவற்றிலிருந்து நீர் கசிகிறது, ஈறு உப்புகிறது. பல்லோரத்தில் எல்லோருக்கும் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலம் இருக்கிறதே, அதில் உள்ள கிருமிகளில் சில வகை இந்தச் சுரப்புகள் கூடும்போது செழிக்கின்றன. அவற்றை எதிர்க்கும் உடம்பின் குணமும் மாறியிருக்கிறது. முன்னால் கண்டுகொள்ளாமல் விட்ட அதே அழுக்குக்கு இப்போது ஈறு கோபித்துக்கொண்டு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் விடுகிறது. இரண்டாம் மாதம் வாக்கில் தொடங்கி எட்டாம் மாதம் வரை கூடிக்கொண்டே போய், பிரசவத்துக்குப் பிறகு குறையும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு இப்படி ஈறு வீங்கும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. நூற்றில் ஐந்து பேர் வரை எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்த மாதிரி கட்டியும் வரலாம்.

சுரப்பு தீக்குச்சி என்றால் அழுக்கு மருந்து. இரண்டும் சேர்ந்தால்தான் பற்றும். நம் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று விளங்கும். சுரப்பை நாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அழுக்கை எடுக்கலாம். என் அத்தை சொன்ன வைத்தியம் நேர் எதிர்: ரத்தம் வந்தால் தேய்க்காதே. தேய்க்காமல் விட்டால் அழுக்கு சேரும், அழுக்கு சேர்ந்தால் இன்னும் ரத்தம் வரும். மிருதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஈறோரம் வரை துலக்க வேண்டும் என்பதுதான் சரி.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லைக் கரைத்து எலும்பு கட்டிக்கொள்வதில்லை. பல் ஒருமுறை முளைத்துவிட்டால் அதிலிருக்கும் கால்சியம் அங்கேயேதான் இருக்கும், ரத்தத்துக்குத் திரும்பப் போக வழியில்லை. பிள்ளைக்கு மொத்தத்தில் சுமார் 30 கிராம் கால்சியம் தேவைப்படுகிறது, அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். அது தாய் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. அந்தக் காலத்தில் குடலே வழக்கத்தைவிட அதிகமாகக் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் போதவில்லை என்றால் தாயின் எலும்பிலிருந்து போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையை, பல்லுக்குத்தானே என்று நினைத்துத் தூக்கிப் போடும் பெண்களை எனக்குத் தெரியும். அது எலும்புக்கும், ரத்தக் கொதிப்புச் சிக்கல் வராமல் இருக்கவும் கொடுக்கப்படுவது. தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் என் இரண்டு பல் ஏன் போனது? நிறையப் பிள்ளை பெற்ற நம் பாட்டிகளுக்கு நாற்பது வயதிலேயே பொக்கை விழுந்தது பொய்யா? பொய்யில்லை. எண்ணிக்கை சரி, காரணம்தான் தப்பு. வீங்கிய ஈறைத் தொடாமல் விட்டோம். மசக்கையில் வாந்தி எடுத்து எடுத்துப் பல்லின் மேல் வயிற்றுப் புளிப்பு பட்டது. அதோடு வாய்க்குப் பிடிக்கிறதென்று மாங்காயும் புளியுமாகத் தின்றோம். சொத்தை விழுந்தபோது ‘மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது’ என்று காத்திருந்தோம். பிள்ளை பிறந்த பிறகு நமக்கென்று போக நேரம் ஏது? அதற்குள் அடுத்த பிள்ளை. ஒவ்வொரு முறையும் ஈறுக்கடியில் எலும்பு கொஞ்சம் அரித்துக்கொண்டே போனது. பல்லைப் பிள்ளை தின்னவில்லை. நாம்தான் விட்டுவிட்டோம்.

வாந்தி எடுத்த உடனே பிரஷ்ஷைப் பிடித்து அழுத்தித் தேய்ப்பதும் கெடுதல். அந்தப் புளிப்பில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும், தேய்த்தால் சீக்கிரம் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். ஆப்பத்துக்குப் போடுகிற சோடாதான், வீட்டிலேயே இருக்கும்.

இனி எங்கள் தெருப் பெண்ணின் மாமியார் சொன்ன ‘மருந்து வேலை’ சமாச்சாரம். அவள் பயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது, அது அவளுக்கே தெரியாது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் தீக்குச்சித் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அந்த ஆவி சொத்தைப் பல் வழியாக உள்ளே போய்த் தாடையெலும்பை அழுகச் செய்தது. பாஸ்பரஸ் தாடை என்றே அதற்குப் பெயர். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் இளம்பெண்கள். லண்டனில் 1888-ல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது உலகப் பிரசித்தம். பிரான்சில் தீப்பெட்டி அரசாங்கத்தின் ஏகபோகம், தொழிலாளிகள் கேட்டது அரசாங்கத்திடமே. கடைசியில் 1898-ல் செவேன், கஹேன் என்ற இரண்டு பொறியாளர்கள் நஞ்சில்லாத வேறு பாஸ்பரஸ் கூட்டு ஒன்றை வைத்துக் குச்சி செய்து காட்டினார்கள், அங்கே பழைய விஷம் ஒழிந்தது. 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தடுத்துச் சட்டம் வந்தது 1913-ல். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து இங்கே தீப்பெட்டி தொடங்கியது அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1923-ல். ஆக, அந்தத் தாடை வியாதி சிவகாசித் தீப்பெட்டியோடு வந்தது கிடையாது. பட்டாசு வேலையில் வேறு ஆபத்துகள் உண்டு, அவை நமக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் படிக்கிறோம். கர்ப்பிணி அந்த வேலைக்குப் போகாமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் ஏழாம் மாதத்தில் ஈறில் வந்த கட்டிக்கு மருந்து வேலையைக் காட்டி அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியது அநியாயம்.

இந்தப் பழைய கதையில் எனக்கு ஒரு வரி முக்கியமாகப் படுகிறது. அந்த நாளிலேயே ஐரோப்பிய ஆலைகளில் தொழிலாளிகளின் பல்லைப் பார்க்கப் பல் மருத்துவரை வைத்தார்கள். சொத்தைப் பல் வழியாக விஷம் ஏறும் என்று தெரிந்ததும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால், குச்சி அடுக்குகிற பெண்ணின் வாயைத் திறந்து பார்ப்பது ஒரு வேலை என்று ஒத்துக்கொண்டார்கள். இங்கே குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் சரம் பின்னியும் பிழைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வாயை யார் பார்க்கிறார்கள்?

என் அக்கா மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். காரைக்காலில் வீட்டுக்கொருவர் அங்கே இருப்பது புதிதல்ல. அவளுக்கு நான்காம் மாதம் ஆனதும் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததாம்: பல் மருத்துவரிடம் போய் வாயைக் காட்டிக்கொள்ளுங்கள், கட்டணம் முழுவதும் எங்களுடையது. கேட்காமலே வந்த கடிதம். ‘ஒரு பிள்ளை ஒரு பல்’ என்ற பழமொழியைப் பேசின ஊர்க்காரர்கள், அந்தப் பழமொழியைச் செல்லாக்காசாக்க ஒரு தபால் தலை செலவு செய்கிறார்கள்.

நம் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பாவம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மகப்பேறு விடுப்பு மூன்று மாதம். அந்த விடுப்புக் கோப்புகளை வருஷக்கணக்கில் எழுதியவள் நான். பிறகு அது ஆறு மாதமாகி, ஒன்பதாகி, 2021-ல் ஒரு வருஷமானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாயாக இருந்தது, இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. மாதாமாதம் ஒன்பதாம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே பரிசோதனை நாள் இருக்கிறது. எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தச் சோகை, ஸ்கேன் எல்லாம் பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் இதில் பாதிகூட இல்லை. தலை முதல் கால் வரை பார்க்கிறவர்கள் நடுவில் வாயை மட்டும் தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை.

ஒரு குமாஸ்தாவின் யோசனை, அவ்வளவுதான்: அந்தப் பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சம்பழமும் சத்துமாவும் வைக்கிறார்கள், கூடவே ஒரு மிருதுவான பிரஷ் வைக்கட்டும். அட்டையில் ‘ஐந்தாம் மாதம், வாய்ப் பரிசோதனை’ என்று ஒரு கட்டம் போடட்டும். அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், படிவத்தில் கட்டம் இருந்தால் அதை யாராவது நிரப்பியே ஆக வேண்டும். கட்டம் இல்லாத வேலை நடக்கவே நடக்காது. ஒன்பதாம் தேதி முகாமுக்குப் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்து உட்காரட்டும். நம் மாவட்டம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் வாங்கியது, இதற்கும் முதலில் பெயர் வாங்கினால் என்ன?

இந்த விஷயத்தில் மிகைப்படுத்திப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: ஈறில் ரத்தம் வந்தால் குறைப்பிரசவம் ஆகும் என்று. அதைப் படித்துவிட்டு யாரும் ஒரு கர்ப்பிணியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஈறு நோய் முற்றிய தாய்மார்களிடம் குறைப்பிரசவமும் எடைகுறைந்த குழந்தையும் சற்று அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அமெரிக்காவில் 800-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கர்ப்பத்திலேயே ஈறு சிகிச்சையும், மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. குறைப்பிரசவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது வேறொன்று: கர்ப்பத்தில் பல்லைச் சுத்தம் செய்ததால் தாய்க்கோ பிள்ளைக்கோ எந்தக் கெடுதலும் வரவில்லை, ஈறும் தேறியது. ‘இப்ப எதுவும் பண்ண முடியாது’ என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

பல்லை அடைக்கலாம், சுத்தம் செய்யலாம், தாங்க முடியாமல் வலித்தால் பிடுங்கவும் செய்யலாம். நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை உட்கார வசதியான காலம் என்கிறார்கள். வலி அவசரம் என்றால் எந்த மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. மரத்துப் போக ஊசி போடலாம். ஈயக் கவசம் போட்டு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். கடைசி மாதங்களில் நாற்காலியை ரொம்பச் சாய்க்காமல், இடது பக்கம் சற்றே ஒருக்களித்து உட்கார வைப்பார்கள். பயப்பட வேண்டியது மருந்துக்கடையில் நாமே வாங்குகிற மாத்திரைக்குத்தான். டெட்ராசைக்ளின் வகை பிள்ளையின் பல்லைக் கறுக்கச் செய்யும். சில வலி மாத்திரைகள் பிந்தைய மாதங்களில் பிள்ளைக்கு ஆகாது. மாசமாக இருப்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் டாக்டரிடம் எதையும் கேட்க வேண்டும். இதை நான் எழுதுவது என் வயதுக்காரர்களுக்காக. வீட்டில் போகலாமா கூடாதா என்று முடிவு சொல்வது அந்தப் பெண் இல்லை, நாம்தான். ‘ஆச்சி வேண்டாம்னு சொல்லிட்டாங்க’ என்றால் பேரன் பைக்கை எடுக்க மாட்டான்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டி மூன்றாம் வாரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது, இரண்டாம் மாதம் முடியும்போது இருந்த இடம் தெரியவில்லை. இப்போது மறுபடியும் திண்ணைக்கு வருகிறாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவின் அத்தனை சேதியையும் சொல்கிறாள். வாயை மூடுவதில்லை.

போன வாரம் அவள் மாமியார் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அரைப் படி சீனிமிட்டாயும் காராச்சேவும் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினாள். பிறகு கேட்டாள், “அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமைல இருப்பாக மதினி? எனக்கும் கீழ்வரிசைல ரெண்டு ஆடுது. நாலு பிள்ளை பெத்தவ, இனி என்னத்தப் பாக்கன்னு விட்டுட்டேன்.” திங்கட்கிழமை நானும் போகிறேன். மிச்சமிருக்கும் என் பற்களையும் காட்டி நாலு வருஷம் ஆகிறது.